எஸ்தருக்குப் பதிலாக

ஷூ கடைக்காரர் குனிந்து எஸ்தரின் காலில் புது ஷூவை மாட்டிவிட்டு, "கடிக்குதா பாப்பா?" என்று கேட்டார். எஸ்தர் நாலடி நடந்து பார்த்தாள். நின்று, விரல்களை உள்ளேயே அசைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அம்மா, "இல்லப்பா, கரெக்டா இருக்கு. பேக் பண்ணிடு" என்றார்.

அந்த வருஷம் முழுக்க எஸ்தரின் வலது குதிகாலில் புண் ஆறவே இல்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். கேட் தெரிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு மாட்டிக்கொள்வாள். "கடிக்குதுன்னு வீட்ல சொல்லேன்டி" என்றேன் ஒருநாள். "சரியா இருக்குன்னு அம்மா சொல்லிட்டாங்களே" என்றாள்.

அந்த அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். உயிரோடு இருக்கிறார், லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அன்றும் இன்றும் எனக்கு அவர் ஆன்ட்டி.

எஸ்தரிடம் கேட்கிற கேள்விக்கு ஆன்ட்டிதான் பதில் சொல்வார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எங்கே வலிக்கிறது என்று கேட்டால், "அடிவயித்துல டாக்டர், நேத்துல இருந்து" என்பார். சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனம் கேட்டால், பின்வரிசையில் நின்றபடி முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பார், அப்புறம் கடைசி வார்த்தைவரை அவரே போய்விடுவார். எங்கள் வீட்டில் என் அம்மா, "எஸ்தர், ஒரு தோசை ஊத்தட்டுமா?" என்றால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வேண்டாங்க, அவ சாப்ட்டா" என்று சத்தம் வரும். என் அப்பாவுக்கு அது பெரிய வேடிக்கை. வேண்டுமென்றே எஸ்தரிடம் எதையாவது கேட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பார்.

எஸ்தர் மக்கு இல்லை. பேச்சு திக்காது. கேள்வியை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பதிலை ஆரம்பிப்பாள், அவ்வளவுதான். அந்த நேரம் அவளுக்குத் தேவைப்பட்டது. அதைக் கொடுக்க அவள் அம்மாவால் முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் கன்னட மீடியம். வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மூன்றாம் வகுப்பையும் நாலாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து ரேடியோ போடுவார்கள். ரேடியோ வழியாக இங்கிலீஷ் சொல்லித் தரும் பாடம். ஹெட்மாஸ்டர் ரூம் பீரோவிலிருந்து ரேடியோவை எடுத்துவந்து மேசைமேல் வைப்பது எங்கள் மிஸ்ஸின் வேலை. ஏரியலை ஜன்னல் கம்பியில் சாய்த்து, கரகரப்பு அடங்கும்வரை திருகிவிட்டு, நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிடுவார். அந்த அரை மணி நேரம் அவருக்கு ஓய்வு.

ரேடியோவில் ஒரு டீச்சர் இருந்தார். அவரிடம் படிக்கிற ஒரு பெண் இருந்தாள். அவள் பெயர் புட்டி. கன்னடத்தில் அது செல்லமாகச் சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற பெயர். தமிழ்ப் பிள்ளைகளான எங்களுக்குப் புட்டி என்றால் சீசா, அதனால் முதல் வாரம் முழுக்கச் சிரித்தோம். ரேடியோ டீச்சர் ஒரு கேள்வி கேட்பார். "ஹேளி மக்களே" என்பார், சொல்லுங்கள் பிள்ளைகளே என்று. உடனே கொஞ்ச நேரம் ரேடியோவில் சத்தமே இருக்காது. அந்த நேரத்துக்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் புட்டி சொல்வாள். புட்டி தப்பாகச் சொன்னதே இல்லை. மணி அடித்த மாதிரி குரல். "ஷபாஷ் புட்டி" என்பார் டீச்சர், கைதட்டல் கேட்கும். எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பதில் கிடைத்து வாயைத் திறக்கும்போது புட்டி சொல்லி முடித்திருப்பாள்.

சாயங்காலம் ஆன்ட்டி எங்கள் இருவரையும் வாசற்படியில் உட்காரவைத்து வறுத்த கடலை கொடுப்பார். கொடுத்துக்கொண்டே எஸ்தரிடம் கேட்பார்.

"இன்னைக்கு ரேடியோல என்ன பாடம்?"

எஸ்தர் யோசிப்பாள்.

"புட்டி என்ன சொன்னா?"

எஸ்தர் கடலைத் தோலை உரிப்பாள்.

"அவளும் உன் வயசுதானே. எப்படிப் பளிச்சுன்னு சொல்றா. உனக்கு மட்டும் ஏன் வாயில கல்லைப் போட்ட மாதிரி இருக்கு?"

இது தினமும் நடந்தது. எனக்கே புட்டியைப் பிடிக்காமல் போய்விட்டது.

புதன்கிழமைகளில் ஆன்ட்டி தையல் கிளாஸுக்குப் போவார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கைப்பை, கொஞ்சம் பவுடர். ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்த்த அங்கிளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். என் அம்மாவுக்கு அதில் ஒரு சந்தேகம். "ரெண்டு வருஷமா தையல் படிக்கிறாங்க. ஒரு பாவாடைக்கு ஓரம் அடிச்சு நான் பார்க்கல" என்பார்.

அந்தத் தையல் கிளாஸ் என்னவென்று எனக்குத் தெரிந்தது நாலாம் வகுப்பில். அம்மைபோட்டு இறங்கி நான் வீட்டில் இருந்த வாரம். ஆன்ட்டி கொடுத்த கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே புட்டியின் குரல் கேட்டது. இந்த நேரத்துக்கு ரேடியோ கிடையாதே என்று நினைத்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன்.

ஆன்ட்டி தண்ணீர் டிரம்மில் ஒரு கத்தைக் காகிதத்தைச் சாய்த்துவைத்து, நின்றபடி படித்துக்கொண்டிருந்தார். கண்களை அகலமாக்கி, மோவாயைத் தூக்கி, ஒன்பது வயதுப் பெண்ணின் குரலில். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"காலேஜ்ல டிராமாவெல்லாம் நடிச்சேன்" என்றார், தன் குரலில். "இப்போ புதன்கிழமை ரேடியோ ஸ்டேஷன்ல போய்ப் பேசிப் பதிவு பண்ணிட்டு வர்றேன். இவருக்கு அதெல்லாம் பிடிக்காது. யாருக்கும் சொல்லக்கூடாது, சரியா? எஸ்தருக்கும்."

"எஸ்தருக்குத் தெரியாதா ஆன்ட்டி?"

"தெரிஞ்சா கேக்கமாட்டா. அம்மாதானேன்னு விட்டுடுவா. வேற ஒரு பொண்ணு சொல்றான்னாதான் ரோஷம் வரும்."

காகிதத்தைப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் கீழே பதில் எழுதியிருந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஐந்து விநாடி என்று இருந்தது. அது எங்களுக்காக விடுகிற நேரம் என்று அவர் விளக்கினார். இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி விடக்கூடாதா என்று கேட்டேன். எஸ்தரை நினைத்துத்தான் கேட்டேன். அவருக்கும் அது புரிந்தது.

"எவ்வளவு நேரம் விட்டாலும் சொல்றவதான் சொல்லுவா" என்றார்.

கையில் இரண்டு பிஸ்கட் கொடுத்து அனுப்பினார். நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு பெரிய மனுஷியின் ரகசியம் கையில் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலங்களில் அவர் எஸ்தரைப் புட்டியோடு ஒப்பிட்டுத் திட்டும்போது, என்னைப் பார்க்காமல் திட்டுவார். நானும் கடலையைத் தின்றுகொண்டிருப்பேன்.

மழைக்காலத்தில் வானொலி நிலையத்திலிருந்து இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பாடம் கேட்கிற பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்து ஒரு நாள் ஒலிபரப்பப் போவதாக மிஸ் சொன்னார். ஐந்து பேரை எழுப்பி நிறுத்தினார். எஸ்தரும் அதில் ஒருத்தி. உயரமாக இருந்தாள் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்திருக்காது. கண்ணாடி போட்ட ஒரு சார் மைக்கை நீட்டி, "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார்.

எஸ்தர் உதட்டை அசைத்தாள். அந்த சார் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, தலையை ஆட்டி மறுபடி கேட்கவும் இல்லை. மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"மை நேம்... இஸ் எஸ்தர்."

எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கும் சொன்னாள். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். இதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "ஐ லைக்... கர்ட் ரைஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார், "வெரி குட்" என்றார். எஸ்தரும் சிரித்தாள். அன்று வீடு வரைக்கும் அவள் ஷூவைக் கழற்றவில்லை. "என் குரல் ரேடியோல எப்படி இருக்கும்?" என்று மூன்று முறை கேட்டாள்.

ஒலிபரப்பான அன்று ஹெட்மாஸ்டரும் வந்து உட்கார்ந்தார். முதலில் வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அப்புறம் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர். ஆனந்த் பேசினான், அவன் குரல்தான். ஷபானா பேசினாள், அவள் குரல்தான். பிறகு, "வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் இஸ் எஸ்தர். ஐ லிவ் இன் லிங்கராஜபுரம். ஐ லைக் ரீடிங்."

ஒரு தடங்கல் இல்லை. மணி மணியாக வந்தது. புட்டியின் குரல்.

கைதட்டல் கேட்டது. வகுப்பில் யாரும் தட்டவில்லை. ஆனந்த் திரும்பி, "ஏய், நீ கர்ட் ரைஸ்னுதானே சொன்னே?" என்று கன்னடத்தில் கேட்டான். மிஸ் ரேடியோவைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார், ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர், "நல்லா வந்திருக்கு" என்று எழுந்து போனார்.

வீட்டுக்குப் போகும்போது என்னால் தாங்க முடியவில்லை. கெட்ட எண்ணத்தோடு சொன்னேனா, பாவப்பட்டுச் சொன்னேனா என்று இன்றைக்கும் தெரியாது. "எஸ்தர், அது உங்க அம்மா. புட்டி உங்க அம்மாடி" என்றேன்.

அவள் நடந்துகொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"பேசறதுக்கு முன்னாடி புட்டி ஒரு மூச்சு இழுப்பா இல்ல? ஜெபம் பண்றதுக்கு முன்னாடி அம்மாவும் அப்படித்தான் இழுப்பாங்க. முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் நீ சொல்லல?"

இதற்கும் அவளுக்கு நேரம் பிடித்தது. சர்ச் தாண்டி, பேக்கரி தாண்டி, எங்கள் தெரு முனைவரை வந்துவிட்டோம்.

"அம்மாவுக்கு அது சந்தோஷமா இருந்துச்சு" என்றாள்.

அன்று சாயங்காலமும் கடலை வந்தது. ஆன்ட்டியின் முகம் பூரித்துப் போயிருந்தது. எஸ்தரின் கன்னத்தைப் பிடித்து, "இன்னைக்கு ரேடியோல என் பொண்ணு பேரு வந்துச்சாமே? ஐ லைக் ரீடிங்னு அவ்வளவு அழகா சொன்னியாமே?" என்றார். அதில் நடிப்பே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எஸ்தர்தான் அப்படிச் சொன்னாள் என்று அவர் நம்பிவிட்டதுபோல இருந்தது. எஸ்தர் கன்னத்தை இழுத்துக்கொள்ளவில்லை. கடலையைத் தொடவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் அன்றிலிருந்து அவளுக்குப் புட்டி என்று பெயர். ஏழாம் வகுப்புவரை அந்தப் பெயர் போகவில்லை. ரேடியோ பாடத்தில் அவள் உதட்டை அசைப்பது நின்றுபோனது.

ஆன்ட்டியும் வெகுநாள் புட்டியாக இருக்கவில்லை. நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது வானொலி நிலையத்திலிருந்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அன்றைக்கு அங்கிள் வீட்டில் இருந்தார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம்.

"எத்தனை வருஷமா?" என்று அங்கிள் கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

பதில் வரவில்லை. ஊரில் யாரிடம் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அங்கிள் மறுபடி கேட்டார். என் அம்மா பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டார்.

அப்போது எஸ்தரின் குரல் வந்தது. "அம்மா தையல் கிளாஸுக்குத்தான் போறாங்க டாடி. நான் கூடப் போயிருக்கேன். நான் பார்த்திருக்கேன்."

கொஞ்சமும் இழுக்காமல் சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் யோசிக்காமல் பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"நீ சும்மா இரு" என்றார் அங்கிள். அப்புறம் காகிதம் கிழிபடுகிற சத்தம்.

அடுத்த புதன்கிழமை ஆன்ட்டி வீட்டிலேயே இருந்தார். "தையல் கிளாஸ் முடிஞ்சுபோச்சுங்க" என்று என் அம்மாவிடம் அவராகவே வந்து சொன்னார். எஸ்தர் தனக்காகப் பொய் சொன்னதைப் பற்றி அவர் என்றைக்கும் வாயைத் திறந்ததாக எனக்குத் தெரியாது. அங்கிளிடம் அவருடைய பேச்சு "சரிங்க" என்ற ஒரு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. மீதி எல்லாப் பேச்சும் எஸ்தரின் பங்குக்கு வந்து சேர்ந்தது. பத்தாவது முடித்தவள் என்ன படிக்கப் போகிறாள், அவளுக்கு எந்தக் கலர் பொருந்தும், எந்தப் பெண்களோடு சேரலாம் என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார்.

எஸ்தருக்கு நிச்சயம் வீட்டிலேயே நடந்தது. மாப்பிள்ளைக்கு ஒசூர் ரோடில் வேலை. போதகர் பைபிளை மூடிவைத்துவிட்டு, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று எஸ்தரைப் பார்த்துக் கேட்டார். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு உதட்டை அசைத்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் தாம்பாளத்தோடு நின்றிருந்தேன். அந்த வாய் அசைவதை நான் எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிஷம் பொறுங்கள் ஐயா என்று நான் சொல்லியிருக்கலாம்.

"பூரண சம்மதம் ஐயா" என்றார் ஆன்ட்டி.

போதகருக்கு இன்னொரு வீட்டு ஜெபம் இருந்தது. மோதிரத்தை எடுக்கச் சொன்னார். எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் தாம்பாளத்தை நீட்டினேன்.

அந்தக் கல்யாணம் இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. என்ன நடந்தது என்று எஸ்தர் எனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அவள் திரும்பி லிங்கராஜபுரம் வரவில்லை. ஊரின் மறுகோடியில், பொம்மனஹள்ளியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, கார்மெண்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலைக்குப் போனாள். அங்கிளின் அடக்கத்துக்கு வந்து மண் போட்டுவிட்டு நேராக பஸ் ஏறிப் போனவள்தான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அம்மாவோடு பேச்சில்லை. யாராவது விசாரித்தால் ஆன்ட்டி சளைக்காமல் சொல்வார்: "நேத்துகூட போன் பண்ணா. பிரமோஷன் வருதாம்."

நாலு மாசத்துக்கு முன்பு ஆன்ட்டிக்கு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பிறகு நான்தான் காலையும் சாயங்காலமும் போய்ப் பார்த்தேன். ஒருநாள் அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு ரேடியோல எஸ்தருக்குப் பதிலா நீங்க ஏன் ஆன்ட்டி பேசினீங்க?"

அவர் ஆச்சரியப்படவில்லை. நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "அவ டேப்ல ரொம்ப இழுத்திருந்தா. டைம் இல்ல, வெட்டிடலாம்னு சொன்னாங்க. வெட்டிட்டா அவ பேரே வராதே. ஆசையா காத்துக்கிட்டு இருக்கா பாவம். நான் பேசிடறேன் சார், பேராவது வரட்டும்னேன்."

"கர்ட் ரைஸ்?"

"அது ரேடியோல நல்லா இருக்குமா சொல்லு?"

அந்த வாரமே எஸ்தருக்கு போன் செய்தேன். வந்து பார்க்கும்படி சொல்லவில்லை, நிலைமையை மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றாள். நரை தெரிந்தது. வந்ததும் பையை வைத்துவிட்டுப் படுக்கை விரிப்பை மாற்றினாள். அம்மாவைத் துடைத்துவிட்டாள், நகம் வெட்டினாள், முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்த்துப் பவுடர் போட்டாள். மாத்திரைகளைக் காலை, மத்தியானம், ராத்திரி என்று பிரித்துவைத்தாள். பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்து, அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆன்ட்டி பேசிக்கொண்டே இருந்தார். "பஸ்லயா வந்தே? பஸ்லதான் வந்திருப்பே, சில்க் போர்டுல டிராஃபிக் இருந்திருக்கும். சாப்ட்டியா? சாப்ட்டிருக்க மாட்டே. அங்க தனியா பயமா இருக்கா? பக்கத்துல நம்ம ஆளுங்க இருப்பாங்க, என்ன பயம்." எஸ்தர் அவருடைய காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவளோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். ஆன்ட்டி எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். வெட்டிவிடலாம் என்று ஸ்டேஷனில் சொன்னார்களாம், பேராவது வரட்டும் என்றுதான் ஆன்ட்டி பேசினாராம். சொன்னால் அவளுக்கு ஏதாவது இளகும் என்று நினைத்தேன்.

எஸ்தர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பஸ்கள் வந்து போயின, அவளுடையது இல்லை.

"வெட்டியிருக்கலாம்" என்றாள்.

அவளுடைய பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை ஆட்டினாள். செலவுக்கு என்ன வேண்டுமானாலும் மெசேஜ் போடு, இனி வரச் சொல்லாதே என்று அன்றைக்கே எனக்கு எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் காபி எடுத்துக்கொண்டு போனேன். ஆன்ட்டி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஏற்பாடு செய்திருந்த பெண் கட்டிலருகே உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு போகவே மாட்டேன்னா தெரியுமா?" என்றார் என்னைப் பார்த்து. "நீங்க பொம்மனஹள்ளிக்கே வந்துடுங்கம்மா, நான் பார்த்துக்கறேன்னா. இல்லடி, இங்கயே இருக்கேன்னு நான்தான் சொன்னேன். அழுதுட்டா. அடுத்த மாசம் வர்றேம்மான்னு சொல்லிட்டுத்தான் போனா."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். ஆன்ட்டியும் பார்த்தார். நான் அவருடைய இடது கையில் டம்ளரைக் கொடுத்து, சிந்தாமல் அடியில் பிடித்துக்கொண்டேன்.

"ஆமா ஆன்ட்டி" என்றேன். "என்கிட்டயும் அப்படித்தான் சொன்னா."